தாரை வார்க்க ஒரு ஜோடி

அநியாயம் நடந்தது என் அம்மா புனிதவதிக்கு. சேர்ந்து வாழ முடியாது என்று அவளுக்கும் அப்பாவுக்கும் தெளிந்து ஒன்பது வருஷமாகிறது. அவள் செய்யாறில், அவர் வேலூரில். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது, மனமொத்துக் கையெழுத்துப் போட்டுப் பிரிந்துவிடலாம் என்று நாலு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேருமே வக்கீல் வரைக்கும் போனார்கள். போனவர்களைப் பாதி வழியில் மடக்கி, மகள் கல்யாணத்தில் தாரை வார்க்க ஒரு ஜோடி வேண்டும், அதுவரைக்கும் பொறு என்று உட்கார வைத்துவிட்டார்கள். அந்த மகள் நான். ஆக, அம்மாவைக் கட்டி வைத்திருக்கிற கயிறும் நான்தான், அவிழ்க்கப்போவதும் நான்தான். அவிழ்க்கத்தான் இதோ, காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில், வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் முகூர்த்தப் புடவையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதக் கை வரவில்லை. கண்ணாடி போட்ட, காது ஓரம் நரைத்த விற்பனையாளர் ஒவ்வொரு புடவையாக விசிறி எறிகிறார், அது காற்றில் ஒரு கணம் நின்று, சரசரவென்று என் முழங்கால்மேல் வந்து விழுகிறது. புதுப் பட்டின் வாசம், கஞ்சி வாசம், எங்கேயோ ஓர் அம்மன் படத்துக்குக் காட்டிய கற்பூரம். "பாப்பா நிறத்துக்கு அரக்குதாம்மா எடுக்கும்," என்கிறார் அவர். "பச்சையைக் காட்டுங்க. எங்க வீட்டு மூத்த மருமகளுக்குப் பச்சைதான் எடுக்கறது," என்கிறார் இந்திராணி அம்மா, மாப்பிள்ளை தினகரனின் அம்மா. நிறம் என்னுடையது, வீடு அவர்களுடையது, புடவை யாருடையது? ஆரம்பித்துவிட்டேன் பார், எதைக் கேட்டாலும் எனக்கு ஓர் எதிர்க்கேள்வி. ஆட்டோவிலேயே கதிரேசன் மாமா கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார், அவர் என் அம்மாவின் அண்ணன், பொறு என்று முதலில் சொன்னவர்: "தாயி, கடையில வந்து உன் பட்டிமன்றத்தை ஆரம்பிச்சுடாத. உனக்குப் புண்ணியமாப் போகும்." ஆரம்பிக்க மாட்டேன் மாமா. வாயைத் தைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

அப்பா பஸ் நிலையத்தருகே ஜூஸ் கடை வாசலில் நின்றிருந்தார். நாங்கள் மூன்று பேரும் ஆட்டோவில் போய் அவரை ஏற்றிக்கொண்டோம். பின்னால் நெருக்கி உட்கார இடமிருந்தும் அவர் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். கடைத் தெருமுனை வந்ததும் மாமா குனிந்து, "மாப்ள, இறங்கினதும் புனிதாகூட சேர்ந்து நடங்க, சம்பந்தி அம்மா வாசல்லயே நிப்பாங்க," என்றார். இது ஒன்றும் புதிதில்லை. சொந்தத்தில் எந்த விசேஷமானாலும் இதுதான் ஏற்பாடு. அவர் ஒரு பஸ்ஸில், அம்மாவும் நானும் இன்னொரு பஸ்ஸில். மண்டபத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடி, இல்லை ஒரு மருந்துக் கடை. அங்கே சந்தித்து, அம்மா முந்தானையைச் சரி செய்துகொள்வாள், அப்பா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார், பிறகு இரண்டு பேரும் உள்ளே போவார்கள், மொய் எழுதுவார்கள், மேடையேறிப் பக்கத்தில் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லார் வீட்டு ஆல்பத்திலும் என் அப்பா அம்மா சந்தோஷமாக இருக்கிறார்கள். பிரிந்தால் உனக்கு என்னம்மா கிடைக்கும் என்று ஒரு தடவை கேட்டேன். வாதத்துக்கு ஆள் கிடைத்த வேகத்தில்தான் கேட்டேன். ஜீவனாம்சம் வேண்டாமென்கிறாய், பள்ளிக்கூடத்தில் உனக்குச் சம்பளம் வருகிறது, இன்னொரு கல்யாணம் கிடையாது, பின்னே என்னதான்? அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. "போட்டோவுக்கு நிக்க வேணாம்ல," என்றாள். அவ்வளவுதான். பல்கலைக்கழகப் பேச்சுப் போட்டியில் நான் விவாகரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசிக் கோப்பை வாங்கியிருக்கிறேன். அந்தப் பேச்சில் அவள் சொன்ன இந்த ஒரு வரி அளவுக்குக்கூட விஷயம் கிடையாது.

"நேத்து டிவியில பாத்தீங்களா சம்பந்தி?" இந்திராணி அம்மா ஒரு பச்சையை மடிமேல் வைத்துத் தடவிக்கொண்டே அம்மாவைக் கேட்கிறார். "ரெண்டு பேரும் சரின்னுட்டா விவாகரத்துக்கு இனிமே ஆறு மாசம்கூடக் காத்திருக்க வேணாமாமே. எங்க வீட்ல கேஸ் கனெக்‌ஷனை என் பேருக்கு மாத்தவே எட்டு மாசம் ஆச்சு." மாமா அளவுக்கு அதிகமாகச் சிரிக்கிறார். அம்மா, "ஆமாங்க, சொன்னாங்க," என்கிறாள். என் நாக்கு நுனி அரிக்கிறது. சேர்வது சுலபமாக இருக்கிறதே, அதை யாராவது கேட்டார்களா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி, பஜ்ஜி, ஜாதகம், பத்து நிமிஷம் மொட்டை மாடியில் பேசிக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள், பேசினோம், முடிந்தது. சேர யாரும் ஆறு மாசம் யோசிக்கச் சொல்லவில்லை. பிரியத்தான் யோசிக்க வேண்டும். கோர்ட்டில் நீதிபதி இரண்டு பேரையும் கேட்பாராம், இது உன் சொந்த விருப்பம்தானா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று. வக்கீல் வீட்டிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு அம்மா இதை ஓர் அதிசயம் மாதிரி சொன்னாள். கல்யாணத்தின்போது அவளை ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. மந்திரத்துக்கு நடுவில், மேளத்துக்கு நடுவில், உனக்குச் சம்மதமா என்று ஒரு குரல் கிடையாது. ஒரு பெண்ணின் சம்மதம் அவள் வாயிலிருந்தே வர வேண்டும் என்று முதல்முதலாக நினைத்துப் பார்த்த இடம் விவாகரத்து கோர்ட்டாக இருந்தால், ஆபத்து எதில் இருக்கிறது? பாரம்பரியக் கல்யாணத்தைப் பயமுறுத்துவது அந்த ஆறு மாசம் இல்லை இந்திராணி அம்மா, அந்தக் கேள்வி. பிரிகிறபோது கேட்க ஆரம்பித்தால் நாளைக்குச் சேர்கிறபோதும் கேட்க வேண்டிவரும் அல்லவா? நல்ல வாதம். கைதட்டல் வாங்கும். வாயைத் திறக்காதே நித்திலா.

"இதைக் கொஞ்சம் தோள்ல போட்டுப் பாரு பாப்பா." கண்ணாடி முன்னால் எழுந்து நிற்கிறேன். புடவையின் எடை தோளை அழுத்துகிறது, இத்தனை கனம் இருக்கும் என்று நினைக்கவில்லை. கண்ணாடிக்குள் எனக்குப் பின்னால் நாலு பேர். அப்பா ஓரமாகத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து கடைவிளம்பரத் தாளைப் படித்துக்கொண்டிருக்கிறார், அதில் படிக்க ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். எப்போது பேச்சை நிறுத்தினார்? யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறேன், ஓர் ஆரம்பம் அகப்படுவதில்லை. குடித்ததில்லை, கை நீட்டியதில்லை, சம்பளத்தை அப்படியே அலமாரியில் வைப்பார். அம்மா ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்வார், பதில் வராது. முதலில் கொஞ்சம் தாமதமாக வந்தது, பிறகு தலையாட்டல், பிறகு அதுவும் இல்லை. "உங்கப்பாகிட்ட சொல்லு, சிலிண்டர் வந்திருக்கு." அப்பா எதிரே நாற்காலியில்தான் இருப்பார். "அப்பா, சிலிண்டர் வந்திருக்காம்." "ம். பணம் டப்பாவுல இருக்குன்னு சொல்லு." "அம்மா, பணம் டப்பாவுல இருக்காம்." ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தருக்குக் குத்தாமல் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்க்கிற வித்தையில்தான் நான் பேசக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கு இரண்டு பக்கத்துக்கும் வாதாட வருகிறதென்றால் அந்த வீட்டில் வாங்கிய பயிற்சி. வேலூருக்கு மாற்றல் வந்தபோது அப்பா தனியாகப் போனார். அவர் போன அன்றைக்கு அம்மா வானொலியைப் போட்டுவிட்டுச் சமைத்தாள், எனக்கு நினைவிருக்கிறது, தாளிக்கிற சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி சத்தமாகப் போட்டாள். "அவரு நல்லவருதான்டி. கெட்டவரா இருந்திருந்தா எப்பவோ போயிருப்பேன்," என்றாள் பின்னால் ஒரு நாள். இதைத்தான் டிவியில் உட்கார்ந்து கத்துகிறவர்களுக்குப் புரிய வைக்க முடிவதில்லை. மனமொத்த பிரிவு இல்லையென்றால் இவள் அவரைக் கொடுமைக்காரர் என்று எழுத வேண்டும், இல்லையென்றால் அவர் இவளை ஓடிப்போனவள் என்று எழுத வேண்டும். பழி சொல்ல ஒன்றுமில்லாத இரண்டு பேருக்கு மரியாதையோடு வெளியே வர இருப்பது அந்த ஒரு கதவுதான். அதைத்தான் சுலபமாக்காதே, சாத்து, தாழ்ப்பாள் போடு என்கிறார்கள்.

ஆனால் பயமும் இருக்கிறது, சும்மா சொல்லக் கூடாது. தினகரன் நல்லவன். ஓசூரில் வேலை, இன்றைக்கு லீவு கிடைக்கவில்லை, காலையில் மெசேஜ் அனுப்பியிருக்கிறான், உனக்குப் பிடித்ததை எடு என்று. போனில் நான் நிறையப் பேசுகிறேன், எதிர்முனையிலிருந்து "ம்" வருகிறது. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான், அடுத்த நாள் நான் சொன்னதை நினைவு வைத்துக் கேட்கிறான், ஆனாலும் அந்த "ம்" வரும்போது எத்தனையாவது என்று எண்ணத் தொடங்கிவிடுகிறேன். எந்த "ம்" சாதாரண "ம்", எந்த "ம்" ஆரம்பம்? நான் கல்யாணத்துக்குச் சரி என்று சொன்னது அவனுக்காகவா, அம்மாவுக்காகவா? எம்.ஏ. இன்னும் முடியவில்லை, மேலே ஆராய்ச்சிக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டிருந்தவள், மாமா ஜாதகத்தோடு வந்து நின்றதும் ஒரே நாளில் சம்மதித்தேன். விடுதியில் ஒருத்தியும் நம்பவில்லை. உன்னை மிரட்டினார்களா என்றார்கள். மிரட்டவில்லை. என் கல்யாணம் நடந்தால் அம்மாவின் கல்யாணம் முடியும், அந்தக் கணக்கை நானேதான் போட்டேன். ஒரு கல்யாணத்தை முடித்து வைக்க இன்னொரு கல்யாணம். கல்யாணத்தை மதிக்கிறவர்கள் நாங்கள்தான் என்று மார் தட்டுகிற வீட்டில் இதுதான் நடக்கிறது. இதை தினகரனிடம் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. சொன்னால் அவன் அம்மாவுக்குத் தெரியும், தெரிந்தால் நின்றுவிடும், நின்றால் மாமா அடுத்த ஜாதகம் என்பார், அது வருகிற வரைக்கும் அம்மா இன்னும் எத்தனை மேடையில் ஏறி நிற்க வேண்டும்? சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து இடிக்கிறேன்.

"அரக்கே இருக்கட்டும்ங்க," என்கிறார் இந்திராணி அம்மா கடைசியில். "பச்சை, பச்சைன்னு நின்னேன், ஆனா இது இவ மேல விழுந்ததும் வேற மாதிரி ஆயிடுச்சு." கெட்டவர் இல்லை, இவரைக் கோபிக்கவும் முடியவில்லை. கணவர் போய் ஏழெட்டு வருஷம் இருக்கும். பையன் கல்யாணத்தில் மணையில் உட்காரப்போவது அவனுடைய சித்தப்பாவும் சித்தியும். பெற்றவர் இவர், வளர்த்தவர் இவர், கூட்டத்தில் ஓரமாக நிற்கப்போவதும் இவர். ஜோடி இல்லை அல்லவா? அதைப் பேச்சோடு பேச்சாக அம்மாவிடம் சொன்னார், வருத்தமில்லாமல், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. என் அம்மாவைப் பிடித்து வைத்திருக்கிற அதே வழக்கம்தான் இவரைத் தள்ளியும் வைத்திருக்கிறது. இருந்தும் அதைக் காப்பாற்ற முதல் ஆளாக நிற்கிறார். நான் கத்த வேண்டும். இங்கேயே, இந்தப் புடவைக் குவியலுக்கு நடுவில் நின்று கத்த வேண்டும். மறுபடி உட்காருகிறேன்.

"பொண்ணுக்குத் தாரை வார்க்கறது அம்மா அப்பாதானே?" விற்பனையாளர் எழுந்து போய் ஒரு பெட்டியோடு வருகிறார். "அந்த ஜோடிக்குன்னே தனியா வந்திருக்குங்க. அய்யாவுக்கு வேட்டி, அங்கவஸ்திரம், அம்மாவுக்குப் புடவை, எல்லாம் ஒரே கரை. இப்ப எல்லாரும் இதான் கேக்கறாங்க. அய்யா, தூணைவிட்டு இப்படி அம்மா பக்கத்துல வாங்க. கூச்சப்படாதீங்க, இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி பட்ட கூச்சம் போதும்." மாமா, "போங்க மாப்ள, போங்க," என்று முதுகில் கை வைத்துத் தள்ளாத குறை. அப்பா நகர்ந்து வருகிறார். அம்மா விரிப்பைப் பார்த்தபடி இருக்கிறாள். விற்பனையாளர் அந்தச் சந்தன நிறப் புடவையை உதறி, ஒரு பக்கத்தை அம்மா தோளிலும் மறு பக்கத்தை அப்பா தோளிலும் போட்டு, நிறம் எப்படி எடுக்கிறது பாருங்கள் என்று பின்னால் தள்ளி நிற்கிறார். ஒரே துணிக்குள் இரண்டு பேர். அப்போது எனக்குள் என்ன வந்தது என்று உண்மையைச் சொல்கிறேன்: சந்தோஷம். வெட்கமில்லாத, ஆறு வயசுச் சந்தோஷம். இப்படியே இருங்களேன், நான் எந்த வாதத்தையும் ஜெயிக்க வேண்டாம், இப்படியே உட்கார்ந்திருங்களேன் என்று நெஞ்சுக்குள் யாரோ கெஞ்சினார்கள். கோப்பை வாங்கினவள்தான் கெஞ்சுகிறாள். இதைத்தானா எல்லாரும் காப்பாற்றப் பார்க்கிறார்கள், இந்தக் கெஞ்சலையா? பிறகு அம்மாவின் கழுத்தைப் பார்த்தேன். அப்பாவின் தோள் தன் மேல் படாதபடி அவள் கழுத்தை ஒரு பக்கமாக விறைத்து வைத்திருந்தாள், அங்கே ஒரு நரம்பு புடைத்து நின்றது. அப்பாவும் அவள்மேல் படாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். எத்தனை பழக்கம், எத்தனை நாகரிகமான ஒத்துழைப்பு. சந்தோஷம் அப்படியே புளித்துப்போனது.

இந்திராணி அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுக்குத்தான் சொல்றேன்," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "பார்க்கவே மனசு நெறையுது. நித்திலா, நீ படிக்கற பொண்ணு, நல்லாப் பேசுவியாம், தினா சொன்னான். நீயே சொல்லும்மா. இஷ்டமில்லையா, ரெண்டு பேரும் ஒரு கையெழுத்து, போயிட்டே இருன்னு ஆயிட்டா, நாளைக்கு இந்த மாதிரி ஒரு ஜோடியைப் பார்க்க முடியுமா? உங்கப்பா அம்மாவைப் பாரு. கஷ்டம் வராமலா இருந்திருக்கும்? நாங்கல்லாம் தாங்கிக்கிட்டுத்தானே இருந்தோம்? நான் சொல்றது சரியா, தப்பா?" கேட்டுவிட்டார். என்னைக் கேட்டுவிட்டார், நேராக, அன்பாக. பதில்கள் வரிசை கட்டிக்கொண்டு நிற்கின்றன, எதை எடுத்தாலும் வெட்டும். தாங்கிக்கொண்டது யார், எதை, யாருக்காக. பார்க்கிறவர் மனசு நிறைவதற்கு இரண்டு பேர் மூச்சைப் பிடிக்க வேண்டுமா. மாமா கண்ணாலேயே வேண்டாம் என்கிறார். ஒரு வார்த்தை தவறினால் இந்தப் பெட்டி மூடப்படும், அரக்குப் புடவை திரும்ப அலமாரிக்குப் போகும், அம்மா மறுபடி ஏதோ ஒரு மண்டபத்துக்குப் பக்கத்து மரத்தடியில் போய் நிற்பாள். என் ஒரு வாதத்தின் விலை அவள். உதட்டை நனைத்துக்கொண்டேன். "நீங்க சொல்றது சரிதாங்க அத்தை," என்றேன். குரல் என்னுடையதாக இல்லை. மண்டபங்களில், மேடைகளில், எப்படி இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் நல்லா இருக்கோம் என்று அம்மா சொல்வாளே, அந்தக் குரல்.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி அப்பா தோளிலிருந்து அந்தப் புடவையை எடுத்தாள், தன் தோளிலிருந்தும் எடுத்தாள், மடிப்புத் தவறாமல் மடித்து விற்பனையாளர் பக்கம் வைத்தாள். "சம்பந்தி, எம் பொண்ணு பொய் சொல்றா," என்றாள். மாமா, "புனிதா!" என்று பாதி எழுந்துவிட்டார். "நீ சும்மாயிரு அண்ணா. நீ சொன்னதைக் கேட்டுக் கேட்டுத்தான் இங்க வந்து உக்காந்திருக்கேன்." இந்திராணி அம்மாவின் விரல் பெட்டியின் விளிம்பில் அப்படியே நின்றுவிட்டது. "இவ எதுக்கும் சும்மா சரின்னு சொல்றவ இல்லீங்க. பால்காரர்கிட்டகூட நின்னு வாதாடுவா. அவளே சரின்னு தலையாட்டறான்னா, நாங்க எல்லாரும் சேர்ந்து அவளை என்ன பண்ணி வெச்சிருக்கோம்னு பாருங்க. நாங்க ஜோடி இல்லீங்க. ஒம்பது வருஷமாத் தனித்தனியாத்தான் இருக்கோம். பிரியறதுன்னு பேசி முடிவு பண்ணிட்டோம், தாரை வார்க்கறதுக்காக நிறுத்தி வெச்சிருக்கோம். உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும், சொல்லாதது எங்க தப்பு. இது தெரிஞ்சும் பொண்ணு எடுக்கறதா வேணாமான்னு நீங்களும் உங்க பையனும் யோசிங்க. கட்டிக்கறதா வேணாமான்னு இவளும் யோசிக்கட்டும், நிதானமா, படிச்சு முடிச்சே யோசிக்கட்டும். எனக்காக இவ மணையில உக்கார வேணாம்." ஒரே மூச்சில் சொன்னாள். விற்பனையாளர் எழுந்து போவதா உட்காருவதா என்று தெரியாமல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்திராணி அம்மா கையைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டார், முகத்தில் ரத்தமே இல்லை, ஆனால் எழுந்து போகவில்லை. என் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார், இதுவரை பார்க்காத ஓர் ஆளைப் பார்ப்பது போல. நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. வாழ்க்கை முழுக்கப் பேசினவள், பேச்சு தேவைப்பட்ட இடத்தில் அரக்குப் புடவையின் கரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா அப்பா பக்கம் திரும்பினாள், என் வழியாக இல்லாமல், நேராக.

"உங்களைத்தான் கேக்கறேன். இவ கல்யாணம் வரைக்கும் இனி நாம காத்திருக்க வேணாம். அடுத்த வாரமே வக்கீலைப் பாத்து எழுதிக் கொடுத்துடலாம். வரீங்களா?"

அப்பா கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அப்பா கை காட்டி நிறுத்தினார். அம்மாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார், அவ்வளவு நாள் புழங்காத ஒன்றைத் திறக்கிற மாதிரி.

"வரேன் புனிதா," என்றார். "நீ சொல்ற அன்னைக்கு வரேன்."